கையுறை அணிந்த சமாதானம்

போர் முடிந்துவிட்டது என்பதை யார் சொல்வது? பீரங்கியா, பேனாவா? முதல் உலகப் போரில் பீரங்கி ஓய்ந்தது 1918 நவம்பர் 11இல். பிரான்சு நாட்டுக் காடொன்றில் நின்ற இரயில் பெட்டிக்குள், தளபதி ஃபோஷ் நீட்டிய தாளில் ஜெர்மானியத் தூதர்கள் கையெழுத்திட்டனர். பேனா ஓடியது 1919 ஜூன் 28இல், வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில். இரு நாட்களுக்கும் இடையே ஏழரைத் திங்கள். அந்த ஏழரைத் திங்களில் போரும் இல்லை, சமாதானமும் இல்லை. பேரம் இருந்தது, பசி இருந்தது. அந்தப் பேரத்தை அருகிருந்து கண்டு, அருவருத்து, பதவியை உதறி எழுந்து வந்த ஒருவர் எழுதிய ஏடுதான், ஜான் மேனார்ட் கெயின்ஸ் இயற்றிய 'சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்'.

1919 டிசம்பரில் வெளிவந்த நூல் இது. பொருளாதாரம் என்ற பெயரைக் கண்டதும், நமக்கேன் இந்த எண்களும் அட்டவணைகளும் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். ஓராண்டுக்குள் ஓரிலட்சம் படிகளுக்குமேல் விற்ற ஏடு. பல மொழிகளுக்குப் பெயர்ந்த ஏடு. வல்லரசுகளின் தலைவர்கள் கூடிச் செய்த உடன்படிக்கையை, மை உலருமுன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஏடு. எழுதியவருக்கு அப்போது வயது 36. பாரிசு மாநாட்டில் ஆங்கில நிதித்துறையின் பேராளர் அவர். ஜூன் திங்களில் விலகினார். கோடையில் சசெக்ஸ் மாநிலத்து நாட்டுப்புற வீடொன்றில் அமர்ந்து எழுதி முடித்தார். அத்தியாயங்கள் ஏழே ஏழு. இன்று படித்தாலும் நெருப்பு அணையவில்லை. ஆனால் அந்த நெருப்பின் வெளிச்சம் எந்த முகங்களில் விழுந்தது, எந்த முகங்களை இருட்டில் விட்டது என்று கேட்கவே இக்கட்டுரை.

மூன்றாம் அத்தியாயம்தான் நூலின் உயிர். மாநாட்டின் மூலவர்களைக் கெயின்ஸ் அதில் தீட்டிக் காட்டுகிறார். பிரெஞ்சு முதலமைச்சர் கிளெமன்சோவுக்கு வயது 77. கனத்த கருந்துணிக் கோட்டு. கைகளில் கழற்றாத சாம்பல் நிறக் கையுறை. கணப்படுப்பை நோக்கிப் போட்ட நாற்காலி. பிறர் பேசுகையில் மூடியே கிடக்கும் கண்கள். பிரான்சு என்ற ஒன்றைத் தவிர இவ்வுலகில் எதன்மேலும் பற்றில்லாத, மாந்தர்மேல் நம்பிக்கையே இழந்த முதியவர். அவருக்கு எதிரே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன். நீதியின் தூதர் என்று ஐரோப்பிய வீதிகளில் மக்கள் மலர்தூவி வரவேற்ற மனிதர். அவருடைய கைகளைப் பார்க்கிறார் கெயின்ஸ். வலிமை உண்டு, நுண்மை இல்லை என்று குறித்துக்கொள்கிறார். மனிதரைக் கைகளைக் கொண்டு எடைபோடும் பழக்கம் அவருக்கு. இந்தக் கையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

வில்சனைப் பற்றிய பகுதியைப் பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 1918 சனவரியில் பதினான்கு அம்சங்களை உலகறியப் பறைசாற்றியவர், அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரும் திட்டம் ஒன்றும் இல்லாமல் பாரிசு வந்து சேர்ந்தார் என்கிறார் கெயின்ஸ். அவர் மனம் அரசியல்வாதியின் மனமன்று, சமயப் போதகரின் மனம் என்கிறார். அப்படிப்பட்டவரை வெல்வதற்கு வாதம் வேண்டியதில்லை, வேதத்துக்கு முரணில்லை என்று உரை எழுதிக் காட்டினால் போதும்! எடுத்துக்காட்டும் தருகிறார். ஆஸ்திரியா ஜெர்மனியோடு சேரக்கூடாது என்று பிரான்சு விரும்பியது. அதை அப்படியே எழுதினால் சுயநிர்ணயம் என்ற கொள்கை அடிபடும். ஆகவே 80ஆம் பிரிவில், ஆஸ்திரியாவின் சுதந்திரத்தை ஜெர்மனி மதிக்கும், தேசங்களின் சங்கத்துப் பேரவை இசைந்தாலன்றி அந்தச் சுதந்திரம் மாற்ற முடியாதது என்று எழுதினார்கள். பேரவையின் இசைவுக்கு ஒருமித்த வாக்கு தேவை. பேரவையில் பிரான்சு உண்டு. பிரான்சு ஒன்று தலையசைக்க மறுத்தால் போதும், தீர்ந்தது! விலங்குக்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். எந்த அக்கிரமத்துக்கும் ஒரு சுலோகம் தேடிக் கொடுக்கும் வித்தையை வழிவழியாகக் கண்டவர்கள் நாம். வெர்சேல்சில் அது பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது, அவ்வளவுதான். பிறகு ஜூன் திங்களில் லாயிட் ஜார்ஜே அஞ்சி, சில பகுதிகளைத் தளர்த்தலாம் என்று கேட்டபோது, வில்சன் அசையவில்லை. தளர்த்தினால், எழுதியது அநீதி என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

எழுத்தாற்றல் என்றால் இது. இதற்கு முந்திய ஆண்டில்தான் கெயின்சின் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சி, விக்டோரியா காலத்துப் பெரியோர் நால்வரின் பீடங்களைப் பெயர்த்தெறிந்த வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டிருந்தார். அந்தப் பட்டறையின் கூர்மை இங்கும் தெரிகிறது. ஆனால் ஒரு வேடிக்கை. கிளெமன்சோவையும் வில்சனையும் தோலுரித்த கெயின்ஸ், தம் நாட்டு முதலமைச்சர் லாயிட் ஜார்ஜைப் பற்றி எழுதிய பகுதியை நூலில் சேர்க்காமல் எடுத்துவிட்டார். அது அச்சேறியது 1933இல். அயலார் இருவரும் அப்போதே அம்மணமாயினர்; ஆங்கிலேயர் பதினான்கு ஆண்டு கழித்து!

இந்தச் சித்திரங்களின் வெற்றியே நூலின் முதல் குறை என்பேன். படித்து முடித்தவர் நெஞ்சில் கையுறை நிற்கிறது. கடன் பட்டியல் நிற்பதில்லை. நேச நாடுகள் தமக்குள் பட்ட கடன் ஏறத்தாழ 400 கோடி பவுண்டு என்று அதே நூலில் கெயின்ஸ் எழுதியிருக்கிறார். அமெரிக்கா கொடுத்ததேயன்றி வாங்கவில்லை. பிரான்சும் இத்தாலியும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கடன்பட்டவை. கடன்காரன் கதவைத் தட்டுகிறான்; பிரான்சோ 13 இலட்சத்துக்குமேல் வீரரைப் பலிகொடுத்து, வடபகுதிச் சுரங்கங்களில் வெள்ளம் நிரம்பி நிற்க, வெறுங்கையோடு நிற்கிறது. தோற்றவனைப் பிழியாமல் வேறு யாரைப் பிழியும்? கிழவரின் குரோதம் மட்டுமா இந்த உடன்படிக்கையை எழுதியது? அமெரிக்கக் கடனேட்டுக்கும் அதில் பங்குண்டு. இந்தக் கடன்களையெல்லாம் தள்ளிவிடுங்கள் என்று கடைசி அத்தியாயத்தில் கெயின்ஸ் கேட்கிறார். அமெரிக்கா கேட்கவில்லை.

பேச்சுவார்த்தை என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் எளிதாக எழுதுகின்றன. யாரோடு யார் பேசியது? நால்வர் தமக்குள் பேசிக்கொண்டனர். அவர்களுள் இத்தாலியின் ஆர்லண்டோ, பியூமே துறைமுகம் கிடைக்காத கோபத்தில் ஏப்ரலில் வெளியேறிப் பின்பு திரும்பியவர். ஜெர்மானியர் மே 7ஆம் நாள்தான் அழைக்கப்பட்டனர். கையில் ஒரு பெரும் புத்தகம் திணிக்கப்பட்டது. மறுமொழி எழுத்தில் மட்டும் தரலாம், வாய்ப்பேச்சுக்கு இடமில்லை என்றனர். ஜெர்மானிய அமைச்சர் பிராக்டார்ஃப் ராண்ட்சோ எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே விடை கூறினார். எத்தனை திமிர் என்று வென்றவர்கள் கொதித்தார்கள். முதலில் நேச நாடுகள் தமக்குள் முடிவு செய்துகொண்டு, பிறகு எதிரியை அழைத்து மாநாடு கூட்டிப் பேசுவது என்பதே தொடக்கத் திட்டம். முன்னோட்டக் கூட்டமே முடிவுக் கூட்டமாகிப் போனது. போர்க் குற்றச்சாட்டு என்று பெயர்பெற்ற 231ஆம் பிரிவில் குற்றம் என்ற சொல்லே இல்லை. இழப்பு அனைத்துக்கும் ஜெர்மனி பொறுப்பு என்பதே உள்ளது. அடுத்த 232ஆம் பிரிவு, அவ்வளவையும் கொடுக்க ஜெர்மனியிடம் வசதியில்லை என்று ஒப்புக்கொள்கிறது. ஒரு கையால் வாளோங்கி மறு கையால் அதைப் பிடித்துக்கொண்ட காட்சி! ஜெர்மானியர் இவ்வளவு நயத்தோடு படிப்பார்களா? மானம் போயிற்று என்றே படித்தார்கள்.

இனிப் பசிக்கு வருவோம். போர் நிறுத்தம் ஆனபின்பும் கடல் முற்றுகை தொடர்ந்தது. முழுதும் விலகியது 1919 சூலையில். இடையில் ஜெர்மனிக்கு உணவுக் கப்பல் அனுப்பலாமா என்ற பேச்சு சனவரியில் தொடங்கி மார்ச்சு நடுப்பகுதிவரை இழுத்தது. தடை எது? உணவுக்கு விலையாக ஜெர்மனி தன் தங்கத்தைத் தர வேண்டும். அந்தத் தங்கம் நாளை நமக்கு இழப்பீடாக வரவேண்டிய தங்கமாயிற்றே என்று பிரெஞ்சு நிதியமைச்சர் க்ளோட்ஸ் மறித்தார். பச்சைக் குழந்தை பாலுக்கு அழும்போது, தங்கத்துக்குப் பங்கு பிரித்தார்கள். இந்தப் பேச்சில் கெயின்சே கலந்துகொண்டவர். அதை அவர் விரிவாக எழுதியது இந்நூலில் அன்று. நண்பர் கூட்டமொன்றில் படிப்பதற்காக எழுதி, அவர் 1946இல் மறைந்தபின் 1949இல் அச்சான 'டாக்டர் மெல்கியோர்' என்ற நினைவுரையில். பெருநூலைவிட எனக்கு அந்தச் சிற்றுரை உயர்ந்ததாகப் படுகிறது. தோற்ற நாட்டின் தூதராக வந்த ஹாம்பர்க் வங்கியாளர் மெல்கியோரின் மானமும் துயரமும், அவரோடு தனியே பேசக் கெயின்ஸ் விதிகளை மீறித் தேடிய வாய்ப்பும் அதில் உள்ளத்தைத் தொடுகின்றன. பகைவனும் மனிதன் என்ற உணர்வு பிறக்கும் இடம் அது. அதே உரையில் இன்னொரு காட்சியும் உண்டு. க்ளோட்சை அடக்க எழுந்த லாயிட் ஜார்ஜ், அவர் யூதர் என்பதைக் குத்திக்காட்டி, பொற்பையை இறுக்கிப் பிடிக்கும் கருமியைப்போல் சைகை செய்தார். அவை அந்த வெறுப்பில் கலந்துகொண்டது. கெயின்ஸ் அதைச் சொல்லும் நடையிலும் அந்த நஞ்சின் நெடி வீசுகிறது. மெல்கியோரும் யூதரே! ஒரு யூதரை நேசித்துக்கொண்டே இன்னொரு யூதரை இனப்பெயர் சொல்லி இகழ முடிந்திருக்கிறது. நல்ல எண்ணம் படைத்தவர்களின் கண்ணுக்கும் எல்லை உண்டு என்பதற்கு இதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஐந்தாம் அத்தியாயம் இழப்பீட்டுக் கணக்கு. 1918 டிசம்பர்த் தேர்தலில் இங்கிலாந்தின் மேடைகளில் என்ன முழங்கினார்கள்? எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் ஜெர்மனியை, விதை கீச்சிடும்வரை பிழிவோம் என்றார் ஓர் அமைச்சர். ஓட்டுக்காகப் பேசிய பேச்சு உடன்படிக்கையில் எண்ணாகி வந்து உட்கார்ந்ததைக் கெயின்ஸ் படிப்படியாகக் காட்டுகிறார். குடிமக்களுக்கும் அவர்கள் உடைமைக்கும் நேர்ந்த சேதத்தை மட்டும் கேட்பது என்பது போர் நிறுத்தத்தின்போது தந்த வாக்கு. வீரர்களின் ஓய்வூதியமும் அதில் அடங்கும் என்று விளக்கம் எழுதிக் கொடுத்துத் தொகையைப் பெருக வைத்தவர் தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ். யார் இந்த ஸ்மட்ஸ் என்று நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் சிறை சென்றது இவர் ஆட்சியின் சட்டங்களை எதிர்த்துத்தான். அந்த ஸ்மட்சே பின்னர் இந்நூலை எழுதும்படி கெயின்சை ஊக்கியவர்களுள் ஒருவர். எப்படிப்பட்ட நாடகம்!

ஜெர்மனியால் தர இயன்றது 200 கோடி பவுண்டுதான் என்று கெயின்ஸ் மதிப்பிட்டார். 1921இல் விதித்த தொகை 13,200 கோடித் தங்க மார்க்கு. அவர் மதிப்பைப்போல் மூன்று மடங்குக்குமேல். 1932இல் எல்லாம் நிறுத்தப்பட்டபோது ஜெர்மனி உண்மையில் செலுத்தியிருந்தது ஏறத்தாழ 2,000 கோடி மார்க்கு. கெயின்ஸ் சொன்னபடி ஆயிற்று என்பார் ஒரு சாரார். பிரெஞ்சு இளைஞர் எட்டியென் மாந்தூ மறுத்தார்: கொடுக்க முடியாமலா போயிற்று, கொடுக்க மனமில்லாமல் போயிற்று, அந்த மனமின்மைக்கு நியாயம் கற்பித்ததே கெயின்சின் நூல்தான், அதைப் படித்து வெட்கப்பட்ட ஆங்கிலேயர், உடன்படிக்கையைக் காக்கும் உறுதியையும் இழந்தனர், அந்த இடைவெளியில் இட்லர் நுழைந்தான் என்றார். 1945 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், மாந்தூ போர்முனையில் இறந்தார். மறுப்பு நூல் 1946இல் வெளிவந்தது. மறுக்க முடியாத வலு அதில் உண்டு. ருசியாவின்மீது 1918 மார்ச்சில் ஜெர்மனி சுமத்திய பிரெஸ்ட் லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையைப் பார்த்தவர்கள், வெர்சேல்ஸ்தான் உலகின் கொடிய உடன்படிக்கை என்று சொல்லமாட்டார்கள். ஆயினும் கெயின்சும் மாந்தூவும் நடத்தும் இந்தப் பெரும் வழக்கில், இருவர் கண்ணும் ஒரே மேசைமேல் பதிந்திருக்கிறது. ஜெர்மனியால் எவ்வளவு முடியும் என்பதே வழக்கு.

வரலாற்றுப் பாடம் நடத்துவது என் பிழைப்பு. வில்சனின் அம்சங்கள் பதினான்கையும் வரிசை தவறாமல் எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் போடுகிறேன். ஐந்தாவது அம்சம் யாருக்குப் பொருந்தியது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. குடியேற்ற நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளில், அந்நாட்டு மக்களின் நலனுக்கும் ஆளவந்தோரின் உரிமைக்கும் சம எடை தருவோம் என்பது அந்த அம்சம். அதை நம்பித்தான் பாரிசின் கதவுகளை உலகமே தட்டியது. எகிப்தின் சாத் ஜக்லூல் பாரிசு செல்லக் கேட்டார். 1919 மார்ச்சில் அவரைப் பிடித்து மால்ட்டாத் தீவுக்கு அனுப்பினார்கள். அன்னாம் மக்களுக்காக எட்டுக் கோரிக்கைகளை நீட்டினார் மெலிந்த இளைஞர் ஒருவர். ஹோ சி மின் என்று பின்னாளில் உலகம் அறிந்த அவரை அன்று எவரும் உள்ளே அழைக்கவில்லை. சீனாவின் ஷாண்டுங்கில் ஜெர்மனி பெற்றிருந்த உரிமைகளைச் சீனாவுக்குத் தராமல் ஜப்பானுக்குத் தந்தார்கள்; மே 4ஆம் நாள் பீக்கிங் மாணவர்கள் தெருவில் திரண்டார்கள்; ஜூன் 28இல் சீனா கையெழுத்திட மறுத்தது.

இவர்களுக்குக் கெயின்சின் ஏழு அத்தியாயங்களில் இடம் எங்கே? குடியேற்ற நாடுகள் அந்த நூலில் வருகின்றன. எப்படி வருகின்றன? அங்கே ஜெர்மானியர் வைத்திருந்த தனியார் சொத்துக்களைப் பறிப்பது முறையா என்ற கேள்வியாக வருகின்றன. சொத்துக்கு நியாயம் கேட்ட பேனா, அந்த மண்ணின் மக்களுக்காக அத்தியாயமொன்று எழுதவில்லை. ஆசிரியர் கீழை உலகை அறியாதவரா? பிழைப்பைத் தொடங்கியதே லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தில்! 1913இல் வெளிவந்த அவரது முதல் நூலே இந்திய நாணயத்தைப் பற்றியது! ரூபாயை அறிந்தவர், ரூபாய்க்கு உழைத்தவரைத்தான் அறியவில்லை.

இரண்டாம் அத்தியாயத்தில் புகழ்பெற்ற ஓர் இடம் உண்டு. 1914க்கு முந்திய லண்டன்வாசி ஒருவன் படுக்கையில் அமர்ந்து காலைத் தேநீர் பருகியபடி, தொலைபேசியில் சொல்லி உலகத்துப் பொருளையெல்லாம் வீட்டுக்கு வரவழைப்பான். கடவுச்சீட்டு இல்லாமல் எங்கும் போவான். ஏகாதிபத்தியமும் இனப்பகையும் அவனுக்கு நாளிதழில் வரும் பொழுதுபோக்கு. இழந்த பொற்காலத்தை இப்படித் தீட்டுகிறார். ஏகாதிபத்தியத்தையும் இனப்பகையையும் அந்தப் பூங்காவில் ஒளிந்த பாம்பு என்று தொட்டுக்காட்டவும் செய்கிறார், மறைக்கக்கூடாது. ஆனால் அந்தத் தேநீர் எங்கிருந்து வந்தது? அசாமிலிருந்தும் இலங்கை மலைகளிலிருந்தும். இலங்கை மலையில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியது யார் கை? திருச்சியிலும் இராமநாதபுரத்திலும் சேலத்திலும் பஞ்சம் விரட்ட, கங்காணி பின்னால் நடந்துபோன தமிழ்ப் பெண்ணின் கை. கிளெமன்சோவின் கையுறையைக் கண்டவர், வில்சனின் விரல்களை எடைபோட்டவர், தம் கோப்பைக்குள் இருந்த கையைக் காணவில்லை. அவளுக்கு 1914க்கு முன்னும் பொற்காலம் இல்லை. கடவுச்சீட்டும் தொலைபேசியும் இல்லை. தோட்டத்துத் துண்டுக்கடன்தான் இருந்தது.

இரண்டு நாட்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1919 ஏப்ரல் 11: தேசங்களின் சங்கத்து விதிகளில் எல்லா நாட்டாரும் சமம் என்ற கொள்கையைச் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. 17 வாக்குகளில் 11 ஆதரவு. தலைமை வகித்த வில்சன், எதிர்ப்பு உள்ளதால் ஒருமித்த முடிவில்லை, ஆகவே நிறைவேறவில்லை என்று தீர்ப்பளித்தார். பெரும்பான்மை போதாதென்றார் குடியாட்சியின் காவலர்! ஷாண்டுங்கை விழுங்கக் காத்திருந்த ஜப்பானுக்குச் சமத்துவம் பேசும் தகுதி உண்டா என்பது வேறு. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தோற்கடித்தது ஜப்பானை மட்டுமன்று. ஏப்ரல் 13: அமிர்தசரசு, ஜாலியன்வாலா பாக். அரசாங்கம் ஒப்புக்கொண்ட பிணங்களே 379. போருக்கு 13 இலட்சம் பேரைக் கடல்கடந்து அனுப்பி, 74,000 உயிரையும் 10 கோடி பவுண்டையும் ஈந்த நாடு பெற்ற முதல் இழப்பீடு அது. அந்த நாட்டின் பெயராலும் வெர்சேல்சில் கையெழுத்து விழுந்தது. இட்டவர்கள் இருவர்: இந்திய அமைச்சர் மாண்டேகு என்ற ஆங்கிலேயர், பிக்கானீர் மகாராசா.

படிப்பகங்களில் இந்நூலை எடுத்து விவாதிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். மூன்றாம் அத்தியாயத்தின் சுவையில் மயங்கி, ஐந்தாவதைத் தாண்டிவிடாதீர்கள். அரசியல் வாக்குறுதி எப்படி நாட்டின் கடனாக உருமாறுகிறது என்பதை அதைப்போல் விளக்கிய எழுத்து குறைவு. பிறகு, நூலில் இல்லாத 22ஆம் பிரிவை உடன்படிக்கையிலேயே தேடிப் படியுங்கள். ஜெர்மனியும் துருக்கியும் இழந்த நாடுகளில் வாழ்வோர், தாமே நிற்க இயலாதவர். அவர்களைப் பேணுவது முன்னேறிய நாடுகளின் புனிதப் பொறுப்பு என்று அது சொல்கிறது. பாலத்தீனமும் மெசபொத்தேமியாவும் இங்கிலாந்துக்கு, சிரியா பிரான்சுக்கு, தென்மேற்கு ஆப்பிரிக்கா தென்னாப்பிரிக்காவுக்கு. இந்தப் பொறுப்பாட்சி முறைக்கு வரைபடம் வரைந்தவர்களுள் முதல்வர் நாம் முன்பே சந்தித்த ஸ்மட்ஸ்.

வெர்சேல்ஸ் இழப்பீட்டுக்காக ஜெர்மனி வாங்கிய கடன்களின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3இல் செலுத்தப்பட்டது. ஷாண்டுங் 1922இல் சீனாவுக்குத் திரும்பியது. தென்மேற்கு ஆப்பிரிக்காவைப் பேணும் புனிதப் பொறுப்பைத் தென்னாப்பிரிக்கா, ஐக்கிய நாடுகள் சபை நீக்கிய பின்னும், விடவில்லை; துப்பாக்கியோடு பேணிக்கொண்டே இருந்தது. நமீபியா என்ற பெயரில் அங்கே விடுதலைக் கொடி ஏறியது 1990 மார்ச்சு 21இல்.